தேதிக்கான எட்டுக் கட்டங்கள்

மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்காக ஏதாவது எழுதித் தரும்படி ரம்யா கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன்.

"நீங்க பண்ண தப்பு ஏதாவது இருந்தா எழுதுங்க சார். நல்லா பண்ணதையெல்லாம் உங்க ஃபேர்வெல்லயே கேட்டுட்டோம்" என்றாள்.

நியாயம்தான். அந்த விழாவில் நான் ஐம்பது நிமிடம் பேசினேன். பிரியாணி ஆறிப்போனது.

என்னை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வித்தியாசம் உடனே தெரியும். எங்கேயும் தேதி இல்லை. முப்பத்தோரு டைரிகள் வைத்திருப்பவன், மனைவி கோபித்துக்கொண்ட நாள்களைக்கூடக் கிழமையோடு குறித்து வைத்திருப்பவன், ஒரு தேதிகூட இல்லாமல் எழுதுகிறேன் என்றால் உடம்பு சரியில்லை என்று நினைப்பீர்கள். உடம்பு சரியில்லைதான். ஆனால் தேதிகளை விட்டதற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

துபாயின் தேரா பகுதியில் இருக்கும் நம் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இப்போது ரம்யா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் ஓய்வு பெற்றேன். வேலை உங்களுக்குத் தெரியும். ஒருவர் காப்பீடு கேட்டு விண்ணப்பிக்கிறார். அவருக்கு ஏற்கெனவே என்ன நோய் இருக்கிறது, அதை ஏற்பதா, தள்ளுவதா, ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வதா என்று முடிவு செய்ய வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எளிது. பரிசோதனையே சொல்லிவிடும். சிக்கலானவை நரம்பு நோய்கள். வலிப்பு, நடுக்கம், மரத்துப்போவது. அவை எப்போது வந்தன என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. நம் தொழிலில் "எப்போது" என்பதுதான் பாதி வேலை. காப்பீடு தொடங்கிய நாளுக்கு முன்னா, பின்னா?

நான் வந்த புதிதில் விண்ணப்பப் படிவத்தில் "எப்போதிருந்து?" என்று ஒரு கேள்வியும் அதன் பக்கத்தில் ஒரு கோடும் இருந்தன. மக்கள் அந்தக் கோட்டில் "கொஞ்ச நாளாக" என்று எழுதினார்கள். "குளிர் ஆரம்பித்ததிலிருந்து" என்று எழுதினார்கள். ஒருவர் "மாமனார் வந்துவிட்டுப் போனதிலிருந்து" என்று எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. பதவி உயர்வு கிடைத்ததும் நான் செய்த முதல் சீர்திருத்தம், அந்தக் கோட்டை எடுத்துவிட்டு எட்டுக் கட்டங்கள் போட்டதுதான். நாளுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு நான்கு. மேலே ஒரு வரி: முதல் அறிகுறியை உணர்ந்த நாள். எட்டும் நிரம்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. இதற்காக அந்த ஆண்டு எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். இப்போது அது எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது. அதனால் விளைந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

கட்டம் போட்டால் மட்டும் போதுமா? மக்களுக்குத் தேதி தெரிய வேண்டுமே. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

நான் கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்கிறவன். பழைய கல்வெட்டுகளில் நாள் கணக்கை மன்னனின் ஆட்சியாண்டை வைத்துச் சொல்வார்கள். இன்ன அரசனுக்கு யாண்டு ஏழாவது என்று. நம் ஆட்கள் வளைகுடாவில் காலத்தைச் சொல்லும் முறையும் அதுதான் என்று ஒரு நாள் எனக்கு உறைத்தது. "போன லீவுக்கு முந்தின லீவுல வீடு கட்ட ஆரம்பிச்சோம்." "மூணாவது லீவுல பையன் பிறந்தான்." இவர்களுடைய சகாப்தம் லீவு. லீவுக்கான கல்வெட்டு பாஸ்போர்ட்டில் இருக்கிறது: வெளியே போன முத்திரை, உள்ளே வந்த முத்திரை. நான் பாஸ்போர்ட்டை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து முத்திரையைப் படித்து, எந்த லீவு என்று பிடித்து, அதற்குள் ஒரு திருமணத்தையோ திருவிழாவையோ வைத்து நாளைக் கண்டுபிடிப்பேன். அலுவலகத்தில் இதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருவார்கள். எனக்கும் வருவது பிடித்திருந்தது.

அப்படி நான் நாள் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் முருகேசன். ஜெபல் அலியில் ஒரு சிறிய நிறுவனத்தின் கிடங்கில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலை. அறந்தாங்கிப் பக்கம். முப்பது வயதுக்குள். நிறுவனத்துக்கு நம்மிடம் காப்பீடு தொடங்கி எட்டு மாதம் ஆனபோது அவருக்கு இரண்டு காலும் மரத்து, ஒரு கண் மங்கலாகி, மருத்துவமனைக்குப் போனார். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்றார்கள். நரம்புகளுக்கு மேல் இருக்கும் உறை தேய்ந்துபோகும் நோய். ஊசி மருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போட்டால் வேலை பார்க்கலாம். மருத்துவமனை நம்மிடம் ஒப்புதல் கேட்டது. அவர்கள் அனுப்பிய தாள் படிவத்தில் எட்டுக் கட்டங்களும் காலியாக இருந்தன. நான் நேரிலேயே கிளம்பினேன். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே "தகவல் போதாது" என்று எழுதித் திருப்பி அனுப்புகிற சோம்பேறி நான் இல்லை என்பது அப்போது என் எண்ணம்.

தொழிலாளர் கேம்ப் அறையில் முருகேசன் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறையின் மற்ற நான்கு பேரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள்.

"எப்பலேருந்து தம்பி இந்த மாதிரி?"

"கொஞ்ச நாளா சார்."

"கொஞ்ச நாள்னா?"

"அது... ரெண்டு மூணு மாசமா இருக்கும்."

"அதுக்கு முன்னால லேசாக்கூட மரத்துப் போனதே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஊர்ல? லீவுல?"

அவர் யோசித்தார். நான் காத்திருந்தேன். காத்திருப்பதில் நான் கெட்டிக்காரன். எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாதபடி காத்திருப்பேன்.

"லீவுல ஒரு தடவை கால் மரத்த மாதிரி இருந்துச்சு சார்."

"போன லீவா, அதுக்கு முந்தின லீவா?"

"போன லீவு."

பாஸ்போர்ட் வந்தது. முத்திரையைப் படித்தேன். நாற்பத்தைந்து நாள் லீவு. அந்த லீவில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"எத்தனை நாள் கழிச்சு?"

"நாலு நாள்... நாலு நாள் இருக்கும் சார்."

தங்கையின் கல்யாணம் எந்தத் தேதி என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது. எனக்குச் சந்தேகம் பிடிக்காது. அவரிடமே ஊர் எண்ணை வாங்கி டைரியில் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே தங்கைக்கு போன் செய்து சரிபார்த்தேன். நான்கைக் கூட்டினேன். எட்டுக் கட்டங்களும் நிரம்பின. முருகேசன் எட்டிப் பார்த்து, "பரவால்லையே சார், கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார்.

அந்தத் தேதி, அவருடைய காப்பீடு தொடங்கியதற்குப் பதினோரு நாள் முந்தியது. முந்தியது, சேரும்போது சொல்லப்படவில்லை. ஆகவே மறைக்கப்பட்டது. ஊசிக்கு ஒப்புதல் இல்லை. நிறுவனம் இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. போகும் முன் மறுப்புக் கடிதம் வாங்க நம் அலுவலகத்துக்கு வந்தவர், கையில் அதுவரை இல்லாத ஒரு குச்சியோடு, "நீங்க வேற எனக்காக அவ்வளவு தூரம் வந்து கஷ்டப்பட்டீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரைப் பார்க்கப் போன நாளின் டைரியை இந்தக் கட்டுரைக்காக எடுத்துப் பார்த்தேன். "நல்ல நாள். ஒரு தேதி கிடைத்தது" என்று இருக்கிறது.

இனி என் கதை.

ஓய்வுக்கு இரண்டரை ஆண்டு முன்பு நம் அலுவலகத்தில் டீக் கோப்பைகளை மாற்றினார்கள். வெள்ளையாக, சின்னதாக, காது வைத்த கோப்பைகள். வந்த முதல் வாரமே ஒரு செவ்வாய்க்கிழமை இடது கையால் எடுத்தபோது டீ தளும்பிச் சாஸரில் விழுந்தது. டைரியில் குறித்தேன். மறுபடியும் தளும்பியது. மறுபடியும் குறித்தேன். பிறகு நிர்வாகப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோப்பையின் காது இரண்டு விரலுக்குப் போதுமானதாக இல்லை, எடைச் சமநிலையும் சரியில்லை என்று விளக்கி, படம் வரைந்து அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். கடைசியில் தொல்லை தாங்காமல் மாடி முழுவதற்கும் பெரிய கோப்பைகள் வாங்கினார்கள். இப்போது நீங்கள் குடிக்கிற அந்தத் தடித்த நீலக் கோப்பைகள்தான். அதிலும் தளும்பியது. மேசை ஆடுகிறது என்று எழுதினேன். மேசையை மாற்றினார்கள். ஏசியின் அதிர்வு என்று எழுதினேன். ஏசிக்காரர் வந்து பார்த்து, "மாஃபி முஷ்கில், சார்" (பிரச்சினை இல்லை) என்று சொல்லிவிட்டு என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான நரம்பு நோய்க் கோப்புகளைப் படித்துக் கையெழுத்திட்ட எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது நடையில் இடது கை வீசவில்லை என்று மனைவி வசந்தா சொன்னாள். ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதுவும் சரிசமமாக இல்லாவிட்டால் அவள் கண்ணுக்குத் தப்பாது. நரம்பு மருத்துவரிடம் போனோம். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு தாளில் ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். எழுதினேன். அதைப் பார்த்துத் தலையசைத்தார். என் கையெழுத்தை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கின்சன் நோய் என்றார்.

நோயை நான் ஓரளவு நிதானமாகவே எடுத்துக்கொண்டேன். பதறியது விண்ணப்பத்தைப் பார்த்தபோதுதான்.

வசந்தாவுக்கு இன்னும் மூன்று ஆண்டு வேலை இருந்தது. ஓய்வுக்குப் பிறகு நான் அவளுடைய பொறுப்பில் விசா மாற்றிக்கொண்டு இங்கேயே இருப்பதாகத் திட்டம். காப்பீடு இல்லாமல் விசா கிடையாது; விசா இல்லாவிட்டால் நான் மட்டும் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். பள்ளிக் காப்பீடு அவளுக்கு மட்டும்தான். அறுபது தாண்டிய ஒருவருக்கு, பார்க்கின்சனோடு, புதிதாக யார் காப்பீடு தருவார்கள்? மூன்று இடத்தில் கேட்டேன். மூன்று இடத்திலும் மரியாதையாக மறுத்தார்கள். அந்த மறுப்புக் கடிதங்களில் ஒன்றின் வாசகம், நான் எழுதியதைப் போட்டி நிறுவனம் காப்பியடித்தது.

மிச்சம் ஒரே வழி. நம் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டிலிருந்து வெளியேறுபவர், அதைத் தனிநபர் காப்பீடாக மாற்றித் தொடரலாம். நோய் இருந்தாலும் பரவாயில்லை. ஒரே நிபந்தனை: முதல் அறிகுறியை உணர்ந்த நாள், நோய் எதுவும் இல்லை என்று ஆண்டுதோறும் கையெழுத்திடும் உறுதிமொழிகளில் கடைசியானதற்கு முந்தியதாக இருக்கக் கூடாது. முந்தியதாக இருந்தால் மறைத்ததாகக் கொள்ளப்படும். "கொள்ளப்படும்" என்ற சொல்லைப் போட்டது நான். "கருதப்படலாம்" என்று முதலில் இருந்ததை அடித்துவிட்டுப் போட்டேன்.

நோய் கண்டுபிடிக்கப்பட்டது, கடைசி உறுதிமொழிக்கு ஆறு மாதம் பின்னால். டீ தளும்பியது, இரண்டு உறுதிமொழிகளுக்கு முன்னால். அது யாருக்கும் தெரியாது, என் டைரியைத் தவிர.

எட்டுக் கட்டங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டர் சொன்ன தேதியப் போடுங்க" என்றாள் வசந்தா.

"கேள்வி அது இல்ல. முதல் அறிகுறிய உணர்ந்த நாள்னு கேட்டிருக்கு."

"யாரு கேட்டிருக்கா?"

"நான்தான்."

"நீங்க கேட்டதுக்கு நீங்களே பயப்படறீங்க. உங்க டைரிய யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

"நீங்க திருச்சியில தனியா சட்டை பட்டன் எப்படிப் போடுவீங்க?" என்றாள். அவள் அன்று கேட்டது அவ்வளவுதான். நானும் அந்த ஒன்பது நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் நிரப்ப உட்கார்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கட்டங்கள் மிகச் சின்னவை. நடுங்குகிற கையால் எண் கட்டத்துக்குள் நிற்காது. நரம்பு நோயாளிகளுக்கென்று நான் வடிவமைத்த படிவத்தை எந்த நரம்பு நோயாளியும் நிரப்ப முடியாது. வசந்தா பேனாவை வாங்கிக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள். டீ தளும்பிய செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். எட்டு எண்களையும் எழுதினாள். "முப்பத்தோரு வருஷமா இந்த டைரியோடதான் குடும்பம் நடத்தறேன்" என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள் ரம்யாவிடமிருந்து போன். அவள் ஷார்ஜாவிலேயே வளர்ந்த பெண். தமிழில் தொடங்கினால் எங்கே போய் முடிப்பாள் என்று சொல்ல முடியாது.

"சார், இந்த டேட்ட எங்கேருந்து புடிச்சீங்க?"

"டைரியிலேருந்து."

"ஆர் யூ சீரியஸ்? சார், இத சப்மிட் பண்ணா ஆட்டோமேட்டிக் ரிஜெக்ட். சிஸ்டம் என்னைக் கேக்கவே கேக்காது."

"தெரியும். அந்த சிஸ்டத்த நான்தான்..."

"தெரியும் சார். ட்ரெயினிங்ல அரை நாள் சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நான் இன்னும் சப்மிட் பண்ணல. டைரிய எடுத்துட்டு ஆபீஸ் வாங்க" என்றாள்.

நான்கு டைரிகளைச் சக்கரப் பெட்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி, "சாச்சா, ஊருக்கா?" என்று உருதுவில் கேட்டார். அது முடிவாகவில்லை என்று சொன்னேன்.

என் பழைய நாற்காலியில் ரம்யா. விருந்தினர் நாற்காலியில் நான். எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கிறார்கள். அது இவ்வளவு தாழ்வானது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"'டீ... தளும்பியது. கோப்பை... சரியில்லை.' அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சார், அன்னிக்கு இது பார்க்கின்சன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இத்தனை ஆண்டுப் பணியில் இந்தக் கேள்வியை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. எப்போது என்று கேட்டேன். எந்த லீவு என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டேன். என்னவென்று அப்போது தெரியுமா என்று கேட்கவில்லை. மறைக்க வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். இதை ஒரு பள்ளிப் பிள்ளை சொல்லும்.

"தெரியாது. கோப்பைதான் காரணம்னு நினைச்சேன்."

"அதுக்கு ப்ரூஃப் இருக்கா?"

தயக்கத்தோடு, நிர்வாகப் பிரிவுக்கு எழுதிய கடிதத்தைச் சொன்னேன். நினைவூட்டல்களையும் சொன்னேன். அவள் எழுந்து போனாள். கால் மணி நேரத்தில் ஒரு கோப்போடு வந்தாள். பின்னாலேயே நிர்வாகப் பிரிவிலிருந்து இரண்டு பேர், காரணமே இல்லாமல், வந்து நின்றார்கள்.

"சார்... இந்த நீலக் கப்பெல்லாம் உங்களால வந்ததா?"

"ஆமாம்."

"டயக்ராம்லாம் போட்டிருக்கீங்க."

"அளவு தெரியணுமேன்னு..."

"மேஜைக்குத் தனியா லெட்டர். ஏசிக்குத் தனியா." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நிர்வாகப் பிரிவுக்காரர்கள் அடக்கவில்லை. "சார், இத்தனை வருஷத்துல இதவிட நல்ல எவிடென்ஸ் நான் பார்த்ததில்ல. தனக்கு நோய்னு தெரிஞ்ச எந்த மனுஷனும் ஏசி மேல கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டான்."

என் பணிக்காலத்தில் நான் எழுதிய கடிதங்களிலேயே அசட்டுத்தனமானவை அவைதான். அவற்றில் ஒவ்வொன்றிலும் தேதியும் கையெழுத்தும் பெறப்பட்ட முத்திரையும் இருந்தன.

அதோடு முடிந்திருக்கலாம். ரம்யா நான்கு டைரிகளையும் மேசையில் வரிசையாகத் திறந்து வைத்துப் பிரதி எடுக்கத் தயாரானவள், அப்படியே நின்றாள். நான்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இந்த டைரி நீங்கதானே எழுதினீங்க?"

"ஏன்?"

"லெட்டர்ஸ் சின்னதாயிட்டே போகுது."

எட்டிப் பார்த்தேன். முதல் டைரியில் ஒரு வரிக்கு ஆறு சொல் இருந்தது. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் பத்து. கடைசி டைரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி, வரியின் முடிவில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி. இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும் என்பது எனக்குத் தெரியும். அது ஒரு அறிகுறி என்று எத்தனையோ அறிக்கைகளில் படித்து அடிக்கோடிட்டிருக்கிறேன். மருத்துவர் எதற்குத் தலையசைத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. என் டைரியில் இடம் மிச்சமாகிறது, சிக்கனமாக எழுதப் பழகிவிட்டேன் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

எழுத்து சிறுக்கத் தொடங்கியது, டீ தளும்புவதற்கு வெகு முன்பு. எந்தப் பக்கத்தில் என்று பார்க்கப் பக்கங்களைப் புரட்டினேன். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த முதல் டைரியிலேயே நடுவில் எங்கோ தொடங்கியிருக்கிறது. இந்தப் பக்கமா, அடுத்த பக்கமா? ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு முந்தியதோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. பத்துப் பக்கம் தள்ளி ஒப்பிட்டால் இருக்கிறது. என் பூதக்கண்ணாடியை ரம்யா மேசையறையில் இன்னும் வைத்திருந்தாள். அதை வைத்தும் பார்த்தேன்.

"எந்த நாள்னு சொல்ல முடியலையா சார்?" என்றாள்.

"முடியல."

நான் ஒன்பது நாள் தூங்காமல் நேர்மையாக நிரப்பிய எட்டு எண்களும் தப்பு. பொய் சொல்லக் கூடாது என்று கொடுத்த தேதியும் உண்மை இல்லை. அது நோய் வந்த நாள் இல்லை. டீ சாஸரில் விழுந்த நாள், அவ்வளவுதான்.

"இத நான் பாத்தேன்னு எழுதணும் சார். எழுதாம விட முடியாது" என்றாள் ரம்யா. குரல் இறங்கியிருந்தது.

"எழுது. எழுதாட்டாத்தான் நான் உன்னக் குறை சொல்வேன்" என்றேன். சொல்லும்போது சட்டைப் பட்டன் நினைவுக்கு வந்தது.

எழுதினாள். கணினிக்குள் போடாமல், தாளில், மறுபரிசீலனைக் குழுவின் பார்வைக்கு. தொடக்க நாளைத் தீர்மானிக்க இயலவில்லை. விண்ணப்பதாரருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதற்கான ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதி, கோப்பையின் படத்தை முதல் இணைப்பாக வைத்தாள். இந்த நோய்க்குத் தொடக்க நாள் என்று ஒன்றை யாராலும் சொல்ல முடியாது என்று மருத்துவரிடம் ஒரு வரி வாங்கினாள். குழு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரம் வசந்தா எனக்குப் பட்டன் போட்டுவிடவில்லை. "பழகிக்குங்க" என்று சொல்லி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வந்தது. ஏற்கப்பட்டது, இந்த நோய்க்கு மட்டும் ஆறு மாதக் காத்திருப்போடு. அன்று பட்டனை அவளே போட்டுவிட்டாள்.

விசா முத்திரை குத்தி வந்த வாரம் முருகேசனைப் பார்க்கப் போன நாளின் டைரியை எடுத்தேன். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளை நான்தான் செய்தேன். அவருக்கு அது என்னவென்று தெரியுமா என்று கேட்கவில்லை. அந்தத் தேதியாவது சரியா என்று அதற்குமுன் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஊர் எண் அந்தப் பக்கத்தில் இருந்தது. தங்கையின் கல்யாண நாளைச் சரிபார்க்க நான் வாங்கிய எண். அடித்தேன்.

ஒரு பெண் எடுத்தார். பெயர் சொன்னேன். புரியவில்லை. துபாய் இன்ஷூரன்ஸ் என்றேன்.

"கல்யாணத் தேதி கேட்டீங்களே, அந்த சாரா?" என்றார்.

ஆமாம் என்றேன். அண்ணன் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார் என்று போனோடு நடந்தார். நடக்கும்போதே விவரம் சொன்னார். அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறார், சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது, உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஒரு ஜெராக்ஸ் கடை.

"சார், நல்லாருக்கீங்களா" என்றார் முருகேசன். குரல் அப்படியே இருந்தது.

மன்னிப்புக் கேட்பதற்கு நான் நான்கு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவதிலேயே அவர் குறுக்கிட்டார்.

"அது ஒண்ணும் இல்ல சார். அந்தத் தேதியே சும்மா சொன்னதுதானே."

"எது?"

"லீவுல மரத்துச்சுன்னேனே. அப்படில்லாம் ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு, ஏதாவது சொன்னாத்தான் விடுவாருன்னு சொன்னேன். எத்தனை நாளுன்னு கேட்டப்ப நாலுன்னு வாயில வந்துச்சு."

அவரே தொடர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க பாஸ்போர்ட்ட வச்சு அவ்வளவு சந்தோசமாக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தீங்க. இல்லேன்னு சொல்ல மனசு வரல."

அந்தக் கோப்பின் எண்ணை ரம்யாவிடம் கொடுத்திருக்கிறேன். காலம் கடந்ததா, திறக்க முடியுமா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களும் அவளுக்கு உதவுங்கள். எட்டுக் கட்டங்களை அவள் எடுத்துவிட்டாள். இப்போது உங்கள் படிவத்தில் இருப்பது பழைய கோடுதான், பக்கத்தில் ஒரு கேள்வி கூடுதலாக: அது என்னவென்று அப்போது உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கோட்டில் "மாமனார் வந்துவிட்டுப் போனதிலிருந்து" என்று யாராவது எழுதினால் அப்படியே பதிவு செய்யுங்கள். மாமனார் எந்த நாள் வந்தார் என்று போன் போட்டுக் கேட்காதீர்கள்.

போனை வைக்கும் முன் முருகேசன், "நீங்க எப்படி இருக்கீங்க சார், குரல் மெதுவா வருதே" என்றார்.

"எனக்கும் நரம்புதான் முருகேசன். கை நடுங்குது."

"அய்யய்யோ. எப்பலேருந்து சார்?"

மேசைமேல் முப்பத்தோரு டைரிகளும் இருந்தன.

"தெரியலப்பா" என்றேன்.

"அப்படிச் சொன்னா விட்டுடுவாங்களா சார்?" என்று கேட்டார் முருகேசன்.